பூட்டிய கதவில் ஒட்டிய நோட்டீஸ்

என் அருமை மகனே,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னை நேரில் பார்த்தேன். சுகமாகத்தான் இருக்கிறாய், சர்க்கார் சம்பளம் வாங்க ஆரம்பித்து நாலு மாதத்துக்குள் கன்னத்தில் சதை கூடப் போட்டிருக்கிறது. சுகமில்லாதவள் நான்தான். நீ சங்கரன்கோவில் பஸ் ஏறிப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயதாகிவிட்டது, கண்ணும் மங்குகிறது, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பொறுமையாகக் கடைசி வரை படி. படித்துவிட்டு ஒளித்து வைக்க வேண்டாம். உன் ஆபீசில் உன்னைப் போலவே பிள்ளைகள் கேஸ் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களும் படிக்கட்டும். எனக்கு இனி இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நீ குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, உன் முதல் ரிப்போர்ட்டை எனக்குப் படித்துக் காட்டினாய். இங்கிலீஷில் ஒரு வரி, எனக்காகத் தமிழில் ஒரு வரி. இளையரசனேந்தல் பக்கத்து ஆட்டுக்காரி பேச்சியம்மாள், விதவை. ஆறு வயதுப் பெண் குழந்தை. பிள்ளையின் வயிற்றில் சூட்டுக்காயம். பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, தனியாக ரோட்டோரம் குட்டி மேய்த்துக்கொண்டு நிற்கிறது. தாய் பொறுப்பில்லாதவள், பிள்ளையை எடுத்து விடுதியில் சேர்க்கச் சிபாரிசு. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை, அன்றைக்கே உத்தரவு ஆகிவிடும், மறுநாள் போலீசோடு போய்ப் பிள்ளை எங்கே இருந்தாலும் தேடி எடுத்துவிடுவோம் என்று சொன்னாய். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போகிறோம் என்கிற வெளிச்சம். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெளிச்சத்தை இதற்கு முன்னால் இன்னொரு மனிதர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

"அவகிட்ட கேட்டியாய்யா?" என்றேன்.

"வீடு பூட்டிக் கெடக்கும்மா. மூணு தடவை போயி நோட்டீஸ் ஒட்டியாச்சு. அவ வரல. நான் என்ன செய்யட்டும்?"

"கதவுல ஒட்டுனா கேட்டதா ஆயிருமா?"

"சட்டப்படி ஆயிரும்" என்று சிரித்தாய். "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நல்ல விடுதிம்மா. மூணு வேளை சாப்பாடு."

மூன்று வேளை சாப்பாடு என்று நீ சொன்னதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். முதுகு வலிக்கிறது என்றேன், நீயும் நம்பினாய். உனக்குப் பொய் சொல்வதில் எனக்கு இருபது வருஷப் பழக்கம் இருக்கிறது மக்கா. அந்தப் பொய்யை இப்போது பிரிக்கிறேன்.

உனக்கு ஓர் அக்காள் இருந்தாள், கோமு. அம்மை போட்டு வீட்டில் இறந்துபோனாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அவள் வீட்டில் இறக்கவில்லை. சின்ன வயதில் நீ அடிக்கடி ஒரு நீளமான கூடத்தையும், கம்பி போட்ட சன்னலையும், வரிசையாகக் கவிழ்த்து வைத்த தட்டுகளையும் சொல்லி அழுவாய். கனாக் கண்டிருப்பாய் என்று சொல்லி உன்னைத் தட்டித் தூங்க வைப்பேன். அது கனா இல்லை. நீ எட்டு மாதம் அங்கே இருந்தாய்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பஸ்கள் கரியில் ஓடிய காலம். உனக்கு நாலு வயது, கோமுவுக்கு ஏழு. உங்களுக்கு முன்னால் பிறந்த இரண்டையும் நான் மண்ணில் வைத்துவிட்டவள். அந்த வருஷம் பங்குனியில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அம்மை இறங்கியது. முத்து மூடிக் கண் தெரியாமல் கிடந்தீர்கள். குறி சொல்கிறவள் ஒருத்தி வந்து, "ஒங் கைக்குப் பிள்ளை தங்காது தாயீ. கோமதியம்மன் கிட்டக் குடுத்துரு. ஆடித் தபசுல நாலு ரத வீதியும் பிச்சை எடுக்க விடு. புத்துமண்ணு பூசி, தவுடு குடுத்துத் திருப்பி வாங்கிக்கோ. அதுவரைக்கும் எம் பிள்ளைன்னு வாயத் தொறக்கப்படாது. தொறந்தா போனது திரும்பி வரும்" என்றாள். நான் அப்படியே நேர்ந்துகொண்டேன். நீங்களும் பிழைத்தீர்கள். பிறகு யார் என்ன சொன்னாலும் அந்த வார்த்தையை மீற எனக்குத் தைரியம் வருமா?

நம் பக்கத்தில் அப்படி நேர்ந்துகொண்டவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. நாலு பிள்ளை பெற்று மூன்றை இழந்தவளெல்லாம் செய்கிற காரியம்தான். பனவடலிசத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனோம். உன் அப்பா ஊருக்கு வெளியே மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். பிச்சைக்குப் போகிற பிள்ளைகளோடு தகப்பன் வரக் கூடாது. உங்களுக்குக் கந்தலைச் சுற்றி, வேப்பிலை கட்டி, கையில் பிச்சைக்குத் திருவோட்டைக் கொடுத்தேன். யாரும் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கோமுவுக்கு வழியெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவள் கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். உன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் மடியில் தவிட்டை முடிந்துகொண்டு பத்தடி தள்ளிப் பின்னால் போனேன்.

மூன்று வீதி ஆயிற்று. தபசு மண்டபத்துப் பக்கம் கூட்டம் நெரிந்தது. பருத்தியும் மிளகாய் வற்றலும் கூட்டத்தில் வாரி இறைத்துச் சூறை விடுகிற சத்தத்தில் காது அடைத்தது. அங்கேதான் அந்த மனிதர் நின்றார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். திருவிழாக்களில் பிள்ளைகளைத் திருடிக் கையைக் காலை ஒடித்துப் பிச்சைக்கு விடுகிற கும்பல் அப்போது இருந்தது நிஜம். அவர் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவர். அன்றைக்கு அப்படி நாலைந்து பேரைக் காப்பாற்றவும் செய்தார். உங்கள் முன்னால் குனிந்து உட்கார்ந்து, தழும்பு மறையாத உன் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "ஏ பிள்ளே, ஒங்க அம்மா அப்பா எங்க?" என்று கேட்டார்.

"எங்களுக்கு அம்மையும் இல்ல, அப்பனும் இல்ல" என்றாள் கோமு, நான் சொல்லிக் கொடுத்தபடியே, திக்காமல் திணறாமல். "நாங்க அம்மன் பிள்ளைய."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்து, நான் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்தார். என்னிடம் வந்தார். "இது ரெண்டும் ஒம் பிள்ளைகளா?" என்று கேட்டார். இன்னும் ஒரு வீதி பாக்கி இருந்தது. புற்றுமண் பூசவில்லை. தவிடு மடியிலேயே இருந்தது. எனக்கு முத்து மூடின உங்கள் கண்தான் நினைவுக்கு வந்தது. "இல்லய்யா" என்றேன். ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சர்க்கார் ஆள் நீட்டினால் வைக்க வேண்டியதுதானே என்று இருந்தது. "பிள்ளைகளுக்குச் சோறு குடுக்கப் போறோம், மூணு வேளையும் கெடைக்கும்" என்றார். மண்டபத்தில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. அங்கே கூட்டிப் போகிறார் என்று நினைத்தேன். கோமு திரும்பிப் பார்த்தாள். சரியாகச் சொல்லிவிட்டேனா அம்மா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், நல்லாச் சொன்னாய் என்று தலையை ஆட்டினேன் மகனே. அவளை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மண்டபத்தில் நீங்கள் இல்லை. கோயில் முழுக்கத் தேடினேன். ஒரு வேன் போனது என்று பூக்காரி சொன்னாள். நானும் உன் அப்பாவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கே ஒருவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எம் பிள்ளை இல்லன்னு நீயே கைநாட்டு வச்சிருக்கியே, இப்ப எம் பிள்ளைங்க? எந்தக் கும்பல்ட்டி நீ?" என்றார். உன் அப்பா அவர் காலில் விழுந்தார். நான் நேர்த்திக்கடனைச் சொன்னேன். சிரித்தார்கள். போய்க் கோர்ட்டில் சொல்லிக்கொள் என்றார்கள்.

கோர்ட் இருந்த ஊருக்கு மறுநாளே போனோம். யாரைக் கேட்பது, எந்த வாசலில் நிற்பது, ஒன்றும் தெரியாது. கூப்பிடுவார்கள் என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் இல்லை, ஐந்து நாள். சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தது, அதன் நிழலில்தான் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிடுவோம். ஆறாம் நாள் சேவகர் ஒருவர் இரக்கப்பட்டு விசாரித்தார். "அந்தப் பிள்ளைய கேஸா? அது முந்தாநாளே முடிஞ்சுபோச்சே. உரிமை உள்ளவங்க வரலாம்னு நோட்டீஸ் போட்டு யாரும் வரலியே" என்றார். எங்கே போட்டார்கள் என்று உன் அப்பா கேட்டார். அவர் எங்கள் தலைக்கு மேலே கையைக் காட்டினார். அந்தப் பலகையில், நாங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் உயரத்தில், அது ஒட்டியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. உள்ளே மாஜிஸ்திரேட் பெற்றவர்கள் யாரும் வரவில்லை என்று எழுதிய நேரத்தில், வெளியே நான் உங்களுக்காக முடிந்து வைத்திருந்த பொரிவிளங்காயை எறும்பு மொய்க்காமல் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வக்கீல் ஐயா கிடைத்தார். உன் அப்பா அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்று கிடைத்தவர். கேட்டுவிட்டு அவர் கோபப்பட்டார், எங்கள் மேல் இல்லை. "பெத்தவங்களக் கூப்பிட்டு நிறுத்தி, என்ன குத்தம்னு சொல்லி, பதில் கேக்காம பிள்ளைய எடுக்க எந்தச் சட்டத்துலயும் எடம் இல்ல வே" என்று உன் அப்பாவிடம் சத்தம் போட்டார். அப்படி ஒரு சட்டம் நமக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மேல் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டார். வாய்தா, வாய்தா, வாய்தா. விடுதி எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூட யாரும் இல்லை. உரிமை இல்லாதவர்களுக்குச் சொல்லக் கூடாதாம். ஆடியில் போன பிள்ளைகளுக்குப் பங்குனியில் உத்தரவு வந்தது. பெற்றவர்களை விசாரிக்காமல் எடுத்தது தப்பு, இரண்டு பிள்ளைகளையும் திருப்பிக் கொடு என்று. இரண்டு பிள்ளைகள் என்றுதான் அதில் எழுதியிருந்தது.

நானும் உன் அப்பாவும் வக்கீல் குமாஸ்தாவும் விடுதிக்குப் போனோம். கோமுவுக்கு ஒரு பாவாடை தைத்துக் கொண்டுபோயிருந்தேன். உன்னை மட்டும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். மொட்டைத் தலை, காக்கி நிக்கர். என்னைப் பார்த்து நீ வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாய். பெண் எங்கே என்று குமாஸ்தா கேட்டார். விடுதிக்காரர் ஒரு பெரிய நோட்டைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். மார்கழியில் விஷக் காய்ச்சல், ஆறு பிள்ளைகள், அதில் ஒன்று.

"ஏன் எங்களுக்குச் சொல்லி விடல?" என்று உன் அப்பா கேட்டார்.

"ஆருக்குன்னு சொல்லி விட? பெத்தவங்க கெடையாதுன்னுல்லா இதுல இருக்கு" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

உன் அப்பா சாகிற வரைக்கும், நீ ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று என்னை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் நானும் டீச்சர் வீட்டுக்குப் போய் எழுத்துப் பழகினேன். நீயும் நானும் ஒரே வருஷம்தான் அனா ஆவன்னா எழுதினோம், உனக்கு முன்னால் நான் வாசித்துவிட்டேன் என்று நீ கோபித்துக்கொள்வாய். ஊரில் எல்லாரும் கேலி செய்தார்கள். இனி ஒரு காகிதமும் என் தலைக்கு மேலே வாசிக்கப்படாமல் தொங்கக் கூடாது என்று நினைத்துப் பழகினேன்.

பிள்ளைகளை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து பிள்ளையைச் சுவரில் அடிக்கிறவனை எனக்கும் தெரியும். அவன் கையிலிருந்து பிடுங்கு, நான் உன்னை வாழ்த்துகிறேன். ஆனால் அவனையும் கூப்பிட்டு நிறுத்தி, உன்மேல் இன்ன குற்றம், என்ன சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பிடுங்கு. கேட்காமல் எடுப்பவனுக்கு அவன் கையில் இருப்பது எந்தப் பிள்ளை என்றே தெரியாது. நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும். அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் நல்லவர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் உன்னை நினைத்து எனக்கு இத்தனை பயம் இருக்காது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கோபப்படாதே. பேச்சியம்மாளின் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாய். சித்திரை மாதத்தில் எந்த ஆட்டுக்காரி மக்கா வீட்டில் இருப்பாள்? பருத்திக்காடு அழிந்ததும் கரிசலில் உரத்துக்காகக் காட்டுக்குக் காடு ஆட்டை அடைத்துக் கிடை போட மந்தையைப் பற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள், மழை விழுந்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை ஒட்டினாலும் அந்தக் காகிதத்தை வெயில்தான் வாசிக்கும். கரிசல்காட்டில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியாமல் போனது உன் படிப்பின் குறையா, என் வளர்ப்பின் குறையா என்று எனக்குப் புரியவில்லை. இளையரசனேந்தல் கிடை எங்கன கிடக்கிறது என்று நான் இரண்டே பேரைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் புளியங்குடி ரோட்டுக்கு மேற்கே ஒரு காட்டில் அவளைப் பிடித்துவிட்டேன்.

பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வயிற்றில் சூட்டுத் தழும்பைப் பார்த்தேன். மஞ்சள்காமாலைக்குப் போட்ட சூடு. அவள் வயிற்றிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருக்கிறது, அவள் தாய் போட்டது. நான் அதைச் சரி என்று சொல்லவில்லை, வைத்தியரிடம் காட்டாமல் இது என்ன முட்டாள்தனம் என்று நன்றாகத் திட்டினேன். ஆனால் உன் ரிப்போர்ட்டில் கொடுமை என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது அந்தத் தழும்பு இல்லை. திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. உடனே கம்பளியைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"எங்கட்டீ கெளம்புத?" என்றேன்.

"எங்க அண்ணமாரு கிடை வடக்கத் தாண்டிப் போகுதும்மா. இன்னைக்குப் பொழுதடையுமுன்ன சேந்துருவேன். ஆறு மாசத்துக்கு ஒரு பயலும் எங்களக் கண்டுபிடிக்க முடியாது."

நிஜம்தான். அந்தப் பொட்டலில் அவளை உன் போலீஸ் கண்டுபிடிக்காது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஓடுனா நீ குத்தவாளின்னு ஆயிரும். வந்து நின்னு சொல்லு. அங்க எழுதுதவன் எம் மகன். நீ சொல்லுததக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டான்" என்றேன். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுததுனால வாரேன்" என்று கம்பளியை விரித்துப் போட்டாள்.

இதை எழுதுகிற இந்தப் புதன்கிழமை காலையில் அவள் அண்ணன்மார் கிடை வடக்கே தாண்டிப் போய்விட்டது. அவள் போகவில்லை. இப்போது பிள்ளையோடு நம் வீட்டில்தான் இருக்கிறாள், முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். கோர்ட் வாசலில் நிற்போம், நீ வெளியே வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பஸ் தாமதமானால் எங்களுக்காகக் காத்திருக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுக்கொள். எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேள்.

நான் அன்றைக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்தாமல் இருந்திருந்தால் அவள் பிள்ளை இன்றைக்கு அவளோடு வடக்கே நடந்துகொண்டிருக்கும். என் பேச்சை நம்பி, பிள்ளையைத் தானே கையில் பிடித்துக்கொண்டு உன்னிடம் வருகிறாள். அவளைப் பேசவிடு மகனே.

உன் அம்மா